கணக்கில் வராத மனிதர்: டாக்டர் சம்பு நாத் தே

ஒரு வசவுச் சொல்லிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆண்டு மலரில் போய் வசவா என்று முகம் சுளிக்க வேண்டாம். என் பாட்டி குளுவாங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். கோபம் வந்துவிட்டால் போதும், கோழிக்குஞ்சைத் தூக்கிப்போன பருந்தானாலும் சரி, கூட்டுப் பணத்தைக் கட்டாமல் ஓடிப்போன ஆளானாலும் சரி, பேதியில போவான் என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல். உங்களில் பலர் வீட்டிலும் இது புழங்கியிருக்கும். கேட்டுக் கேட்டுப் பழகியதால் அதன் பொருளை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. சாவுகளிலேயே கேடுகெட்ட சாவு உனக்கு வரட்டும் என்பதே அதன் பொருள். காலையில் எழுந்து வேலைக்குப் போனவன் மாலைக்குள் கண் குழிந்து, கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் சுருங்கி, குரல் எழும்பாமல் கிடக்கும் சாவு அது. வாந்திபேதி, கக்கல் கழிச்சல், காலரா என்று எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் நோய் ஒன்றுதான்.

பாட்டிக்கு ஒரு தம்பி இருந்தான். மூன்று வயதில், ஒரே இரவில், லயத்து வீட்டில் வயிற்றுப்போக்கு கண்டு இறந்துபோனான். அது காலராவா, வேறு வகைக் கழிச்சலா என்று சொல்ல இன்று யாருமில்லை. அந்தக் கதையைச் சொல்லும் நாளில் மட்டும் பாட்டி அந்த வசவைப் பயன்படுத்தமாட்டார்.

காலராவுக்கும் நம் முன்னோர்க்கும் உள்ள உறவு பழையது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் நேராகத் தோட்டத்துக்குப் போய்விடவில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்பு முகாம்கள் இருந்தன. 1873-இல் சிங்கப்பூரில் காலரா பரவியதன் விளைவாகவே மறு ஆண்டு செயின்ட் ஜான்ஸ் தீவு முகாம் திறக்கப்பட்டது. தோட்டத்தில் குடிக்கும் நீரைக் கொதிக்க வைக்கச் சொன்ன கெடுபிடிக்கும், மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டதற்கும் பின்னால் ஒரே அச்சம்தான் இருந்தது.

இத்தனை பேரைக் கொன்ற நோய் எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்டறிந்தவர் யார்? உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் எனக்கே இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகப் படிக்கத் தொடங்கும்வரை விடை தெரியாது. காலராக் கிருமியைக் கண்டவர் ராபர்ட் கோக் என்பது இடைநிலைப்பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் கிருமியைக் காண்பது வேறு, அது உடலுக்குள் செய்யும் காரியத்தைக் காண்பது வேறு. இரண்டாவதைச் செய்தவர் கல்கத்தாவின் டாக்டர் சம்பு நாத் தே. பெயரைக் கேட்டதும் நம்மூர்க்காரர்களுக்குத் தே தாரேக் நினைவுக்கு வந்தால் அது அவர் குற்றமல்ல! வங்காளிகளிடையே தே என்பது குடும்பப் பெயர். தமிழில் சொல்வதானால் சம்புநாதன்.

அவர் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் கரிபட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். தந்தையின் வியாபாரம் பெரிதாக எடுபடவில்லை. தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் படிப்பில் நாட்டம் கொண்டவர். அவருடைய தூண்டுதலால் சிறுவன் ஊர்ப் பள்ளியில் படித்துச் சிறப்பாகத் தேறினான். உதவித்தொகை கிடைத்து ஹூக்ளி மொஹ்சின் கல்லூரிக்கும், அங்கிருந்து கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கும் சென்றார். உபகாரச் சம்பளத்திலும் பிறர் ஆதரவிலும் படித்து முன்னேறிய கதை நமக்குப் புதிதல்ல, ஆகவே இதை இத்தோடு விடுகிறேன். 1939-இல் மருத்துவப் பட்டமும், 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். மறு ஆண்டு வங்காளப் பஞ்சம். பசியோடு காலராவும் சேர்ந்து மக்களை அள்ளிக்கொண்டு போன ஆண்டு அது. நோயியல் துறையில் அடியெடுத்து வைத்திருந்த இளம் மருத்துவர் ஒருவரின் கண்முன்னே அது நடந்தது.

1947-இல் லண்டன் சென்றார். அங்குப் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சர் ராய் கேமரன் என்னும் நோயியல் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள் காலரா அன்று. நரம்பு மண்டலத்தில் ஏற்படும் பாதிப்பால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இரத்தக் குழாயில் இருக்கவேண்டிய நீர் இருக்கக்கூடாத இடத்துக்கு ஏன் போகிறது என்பதே அந்த ஆய்வின் கேள்வி. காலராவின் கேள்வியும் அதுதானே! இந்த முடிச்சு நானாகப் போட்டுக்கொண்டது. ஆனாலும் நுரையீரலில் நீரைப் பார்த்துப் பழகிய கண்தான் குடலிலும் அதைத் தேடியது என்றே எண்ணுகிறேன்.

நாடு திரும்பிய தே, கல்கத்தா நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். பின்னர் 1955-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிக்கு நோயியல், நுண்ணுயிரியல் துறைத் தலைவராகச் சென்றார். அவருடைய மாபெரும் ஆய்வுகள் யாவும் இந்தப் பத்தாண்டுக்குள் முடிந்தவை.

அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு முன் இருந்த குழப்பத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோக் 1884-இல் இதே கல்கத்தாவில் நோயாளிகளின் குடலிலும் குளத்து நீரிலும் கால்புள்ளி வடிவிலான கிருமியைக் கண்டார். அக்கிருமி ஒரு நஞ்சை வெளிவிடுகிறது, அந்த நஞ்சே நோயை உண்டாக்குகிறது என்று அப்போதே ஊகித்தார். ஆனால் அதை அவரால் மெய்ப்பிக்க முடியவில்லை. 1892-இல் அவருடைய மாணவர் ரிச்சர்ட் பைஃபர் வேறொரு கருத்தைச் சொன்னார். நஞ்சு கிருமியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது, கிருமி செத்து உடைந்தால்தான் வெளிவரும் என்றார். குருவின் ஊகத்தைச் சீடரின் கொள்கை மூடிவிட்டது. அடுத்த அறுபது ஆண்டுகள் ஆய்வாளர்கள் காலராக் கிருமியை முயலின் நரம்பிலும் எலியின் வயிற்று உறையிலும் ஊசியால் ஏற்றினார்கள். விலங்குகள் செத்தன. ஆனால் ஒன்றுக்கும் கழிச்சல் வரவில்லை. காலரா என்று ஆராய்ந்தது காலராவே அல்ல! கிருமி குடலின் உட்சுவரை உரித்துவிடுவதால்தான் நீர் கொட்டுகிறது என்ற தவறான எண்ணமும் இதனுடன் சேர்ந்துகொண்டது.

தே கேட்டது மிக எளிய கேள்வி. நோயாளியின் உடலில் கிருமி எங்கே இருக்கிறது? குடலின் உள்ளே இருக்கிறது. அப்படியானால் விலங்கிலும் அதைக் குடலின் உள்ளேதானே விடவேண்டும்?

முயலை மயக்கமுறச் செய்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் ஏறக்குறைய நான்கு அங்குல நீளத் துண்டொன்றை இருபுறமும் பட்டு நூலால் கட்டினார். குடலை வெட்டவில்லை, இரத்த ஓட்டத்தையும் நிறுத்தவில்லை. கட்டப்பட்ட துண்டுக்குள் காலராக் கிருமி கலந்த நீரைச் சிறிதளவு ஊசியால் செலுத்தினார். அடுத்து இன்னொரு துண்டைக் கட்டி அதில் கிருமியில்லாத நீரைச் செலுத்தினார். வயிற்றைத் தைத்துவிட்டு ஒரு நாள் காத்திருந்து திறந்து பார்த்தார். கிருமியில்லாத துண்டு வெறுமையாகச் சுருங்கிக் கிடந்தது. கிருமி செலுத்திய துண்டு காற்றடைத்த நீள பலூனைப் போலப் புடைத்திருந்தது. உள்ளே இருந்தது அரிசி கழுவிய தண்ணீர் போன்ற நீர். காலரா நோயாளிக்குப் போவதும் இதே கழுநீர்தான். அந்நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட இழப்பதுண்டு. கடுமையாகத் தாக்கினால் சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும்.

இந்த ஆய்வு 1953-இல் டி. என். சட்டர்ஜியோடு இணைந்து எழுதிய கட்டுரையாக வெளிவந்தது. முயல், பட்டு நூல், ஊசிக்குழல், ஒரு நாள் பொறுமை, இவ்வளவுதான் தேவைப்பட்டன. நம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இன்றிருக்கும் கருவிகளில் பத்தில் ஒன்றுகூட அவரிடம் இருந்திருக்காது. பாட்டியிடம் இதை விவரித்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த முயல்கள் பிழைத்தனவா என்பதுதான். இல்லை என்றேன்.

இங்கு ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். இதே போன்ற சோதனையை வியோல், கிரெண்டிரோபுலோ என்னும் இருவர் செய்து பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தார்கள். அது வெளிவந்த ஆண்டு 1915, அதாவது தே பிறந்த ஆண்டு! யாரும் அதைப் பொருட்படுத்தாததால் அது மறைந்து கிடந்தது. கல்கத்தாவில் அது இரண்டாம் முறை பிறந்தது. அதற்கும் முன்னே போனால், கோக்குக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1854-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி என்பவர் காலராவால் இறந்தவர்களின் குடலில் அக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். அதையும் உலகம் படிக்கவில்லை. 1883-இல் அவர் இறந்தார். 1965-இல்தான் கிருமியின் முறையான பெயரோடு பாசினி 1854 என்பது சேர்க்கப்பட்டது. எழுதியதை யாரும் படிக்காமல் போவது காலரா ஆராய்ச்சியின் குலவழக்கம் போலும்.

1956-இல் தே இன்னொரு படி ஏறினார். நம் அனைவர் குடலிலும் குடியிருக்கும் ஈ.கோலை என்னும் கிருமியின் சில வகைகளை, வயிற்றுப்போக்கு கண்ட நோயாளிகளிடமிருந்து எடுத்து அதே முயற்குடல் துண்டில் விட்டார். சில வகைகள் காலராவைப் போலவே துண்டை நீரால் நிரப்பின. சாதுவென்று கருதப்பட்ட கிருமியும் இந்த வேலையைச் செய்யும் என்பது இதனால் வெளிப்பட்டது. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கும் வெளியூர்ப் பயணிகளுக்கும் வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பங்கு இவ்வகை ஈ.கோலையால் வருவது என்று பிறகு உறுதியானது. காலராவே இல்லாத ஊரிலும் தம்பிகள் ஒரே இரவில் இறந்ததற்கான காரணங்களுள் ஒன்று இது.

மூன்றாவது படி 1959. கிருமியை நீர்க்கரைசலில் வளர்த்து, கிருமி ஒன்றுகூட உள்ளே தங்காதபடி நுண்வடிகட்டியில் வடித்தார். தெளிந்த நீர் மட்டும் மிஞ்சியது. அதை முயற்குடல் துண்டில் செலுத்தினார். துண்டு புடைத்தது! கிருமியே இல்லை, ஆனால் நோய் வந்துவிட்டது. அப்படியானால் கிருமி உயிரோடு இருக்கும்போதே எதையோ வெளியே சுரந்து விட்டிருக்கிறது. கோக்கின் ஊகம் 75 ஆண்டுகள் கழித்து, அவர் கிருமியைத் தேடி அலைந்த அதே நகரத்தில் மெய்யானது. மே மாதத்தில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. கட்டுரையின் நீளம் இரண்டே பக்கம். ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. நேர்மையாகச் சொல்வதானால் அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவின் குழுவினரும் முயற்குட்டிகளைக் கொண்டு காலரா நஞ்சைப் பற்றிய சான்றை வெளியிட்டார்கள். ஆயினும் கிருமி நீங்கிய தெளிநீரைக் கொண்டு, கட்டிய குடலில், ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் தே.

இனி வேறொரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மருத்துவர் அல்லர். பெயர் யூஜின் கார்ஃபீல்டு, அமெரிக்கர், 1925-இல் பிறந்தவர். எந்த ஆய்வுக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்பதைத் திரட்டி ஒரு பெரும் அட்டவணை செய்யலாம் என்று 1955-இல் எழுதினார். பிலடெல்பியாவில் ஒரு நிறுவனத்தை நிறுவி, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். இன்று நம் விரிவுரையாளர்களின் பதவி உயர்விலிருந்து பல்கலைக்கழகங்களின் தரவரிசை வரை எல்லாவற்றையும் ஆட்டிப்படைக்கும் அந்த எண்ணிக்கைக்கு விதை போட்டவர் அவர்தான். ஸ்கோப்பஸ் என்ற சொல்லைக் கேட்காமல் இன்று ஒரு முதுநிலை மாணவரின் ஒரு நாள் கழியாது என்றால் அது மிகையாகாது. எங்கள் ஆய்வேட்டுக்கே கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை முதலில் தேடுங்கள் என்றுதான் அறிவுரை. அறிவுரை தவறன்று. ஆனால் அந்த அளவுகோலை வைத்து அளந்தால் தே எங்கே நிற்பார்?

மேற்கோள் கணக்கு அவரிடம் முதலில் கருமியாகவே நடந்துகொண்டது. 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிவந்தபோது பெரிய ஆரவாரம் எழவில்லை. தொடக்க ஆண்டுகளில் அதை எடுத்தாண்டவர்கள் குறைவு. ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணங்கள் சில உண்டு. தே சுற்றித் திரிந்து தம் கண்டுபிடிப்பைப் பேசும் மனிதர் அல்லர். எழுதியதும் அதிகமில்லை. வாழ்நாள் முழுவதிலும் சுமார் முப்பது கட்டுரைகள், 1961-இல் காலராவின் நோயியலைப் பற்றி ஒரு நூல், அவ்வளவே. இன்று ஒரே ஆண்டில் முப்பது கட்டுரைகளில் பெயர் போட்டுக்கொள்வோரும் இருக்கிறார்கள். மேலும், 1961-இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் தொடங்கிய ஏழாம் உலகக் காலராத் தொற்று நம் அண்டை நாடுகளிலும் நம் நாட்டிலும் பரவியபோது, ஆராய்ச்சிப் பணமும் கருவிகளும் அமெரிக்க ஆதரவு பெற்ற ஆய்வுக்கூடங்களை நோக்கிச் சென்றன. 1960-இல் டாக்காவில் அத்தகைய காலரா ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியரிடமோ நஞ்சைப் பிரித்துத் தூய்மைப்படுத்தும் கருவி இல்லை. முயன்றார், முடியவில்லை. 1969-இல் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டைனும் அவருடைய சகாவும் அமெரிக்காவில் அதைச் செய்து முடித்தார்கள். அதன் பிறகுதான் காலரா நஞ்சு என்பது உலகமெங்கும் ஆய்வாளர்கள் போட்டியிட்டு இறங்கும் துறையானது.

அந்த நஞ்சு செய்யும் வேலை வியப்பூட்டுவது. அது இரு பகுதிகளால் ஆனது. ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையமொன்று குடற்சுவரின் உயிரணுவில் ஒட்டிக்கொள்ளும். மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, உயிரணு உப்பையும் நீரையும் வெளிவிடும் குழாயைத் திறந்து, மூடும் திருகை உடைத்துவிட்டாற்போல் ஆக்கிவிடும். குடற்சுவர் கிழிவதில்லை, உரிவதுமில்லை. உறிஞ்சும் வேலையைச் சர்க்கரையின் துணையோடு அது இன்னமும் செய்யும். வாய்வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்தே நோயாளியைப் பிழைக்க வைக்க முடிவது அதனால்தான். 1968-இல் டாக்காவில் அது சோதித்துக் காட்டப்பட்டது. 1971-இல் வங்காளதேசப் போரின்போது பொங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் அந்நீரைப் பீப்பாய்களில் கலந்து கொடுத்தார். அங்கு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவருடைய கண்காணிப்பில் சிகிச்சை பெற்றோரில் இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. உப்புச் சர்க்கரை நீர் தேயின் கண்டுபிடிப்பிலிருந்து நேராகப் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அது பொய்யாகும், அதற்கு வேறு பலர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்கும் பாதை தேயின் முயற்குடல் துண்டுகளின் வழியாகத்தான் போகிறது. நஞ்சின் ஒட்டிக்கொள்ளும் பகுதியை வைத்தே பின்னர் சுவீடனில் வாய்வழித் தடுப்பு மருந்தும் செய்தார்கள்.

துறை வளர வளர, பழைய கட்டுரையை நோக்கி மேற்கோள்களும் வரத் தொடங்கின. மேற்கோள் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் யாரும் சீண்டாமல் கிடந்து திடீரென விழித்தெழும் கட்டுரைகளை, தூங்கும் அழகிகள் என்று 2004-இல் வான் ரான் என்னும் டச்சு அறிஞர் அழைத்தார். இதற்கு நேர்மாறான விபத்தும் ஒன்று உண்டு. ஒரு முறை அனைவரும் கையாளும் பொதுச்சொத்தாகிவிட்டால் அதைக் கண்டவர் பெயரை எழுதுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ரசம் வைக்கும்போது முதன்முதலில் ரசம் வைத்த அம்மையாரை நாம் நினைக்கிறோமா என்ன? கட்டிய முயற்குடல் உலகத்து நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடங்களில் அன்றாடச் சோதனையாகிப்போனது. அதைச் செய்த எத்தனையோ பேர் தே என்ற இரண்டெழுத்துப் பெயரைக்கூட எழுதவில்லை.

தே 1973-இல் ஓய்வு பெற்றார். இந்தியாவின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் வீடு தேடி வரவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது. வெள்ளைக்காரர் மறந்தார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது, சொந்த நாட்டவரே மறந்தார்கள். இன்னும் சொல்வதானால் அவரை முதலில் தேடி வந்தவர்கள் வெளிநாட்டார்தாம். 1978-இல் ஸ்டாக்ஹோமில் நோபல் அறக்கட்டளையின் 43-ஆவது கருத்தரங்கு காலராவையும் அதை ஒத்த வயிற்றுப்போக்கு நோய்களையும் பற்றி நடந்தது. அதற்குத் தே அழைக்கப்பட்டார். தாம் 1960-களின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டதாகவும், இந்தக் கருத்தரங்குக் குழுவே தம்மைத் தோண்டியெடுத்து வெளியே கொண்டுவந்ததாகவும் அவர் அங்கே சொன்னாராம். வேடிக்கையாகச் சொன்னாரா, வேதனையோடு சொன்னாரா? இரண்டும் கலந்திருக்கலாம். அப்போது அவருக்கு வயது 63.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்திருந்தார். பரிசு கிடைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் தம் எழுபதாவது வயதில் தே காலமானார்.

மறு ஆண்டு, 1986-இல், அட்டவணைக்காரர் கார்ஃபீல்டு தம் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். காலரா ஆராய்ச்சி முழுவதையும் மேற்கோள்களைக் கொண்டு வரைபடமாக வரைந்து, அதில் கல்கத்தாவின் தே எங்கே நிற்கிறார் என்று காட்டினார். தொடக்கத்தில் கண்டுகொள்ளப்படாமல் போன 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறையின் மைல்கல் என்பது அதன் சாரம். யார் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டார் என்று எண்ணிப் பார்க்கும் இயந்திரத்தைச் செய்த மனிதரே, அந்த எண்ணிக்கை தாமதமாகத்தான் உண்மையைச் சொல்லும் என்பதற்குச் சான்றாகத் தேயை எடுத்துக்கொண்டார். கார்ஃபீல்டை மேற்கோள் எண்ணிக்கைக்கு அடிமையானவர் என்று ஏசுவோர் இக்கட்டுரையைப் படித்துப் பார்க்கலாம். கணக்கு எழுதத் தெரிந்தவருக்குத்தான் கணக்கு தவறும் இடமும் தெரியும். 1990-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் கரண்ட் சயன்ஸ் இதழ் தேயின் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது. லெடர்பெர்க்கும் அதில் எழுதினார். இந்தியக் கழகங்கள் அவரை விட்டுவிட்டதை அவ்விதழ் ஒளிவுமறைவின்றிக் கண்டித்தது. அவர் இறந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

நண்பர்களே, மருத்துவமும் அறிவியலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் இம்மலரின் வாசகர்களில் பலர். எட்டுப் பேர் பெயர் போட்ட கட்டுரையில் ஆறாவது பெயராக இடம் பிடிப்பது எப்படி என்று நம் விடுதி உணவகத்தில் பேச்சு நடப்பதை நானும் கேட்டிருக்கிறேன், அந்தப் பேச்சில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன். வேலை கிடைக்க வேண்டும், உதவித்தொகை கிடைக்க வேண்டும், அதற்கு எண்ணிக்கை வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. தேவுக்கும் குடும்பம் இருந்தது, சம்பளமும் பதவியும் தேவைப்பட்டன. ஆயினும் 1953-க்கும் 1959-க்கும் இடையே அவர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்றே படிகள் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் மூன்று ஆண்டுகள். இன்றைய ஆண்டு மதிப்பீட்டு முறையில் இரண்டாவது படிக்கே அவரை விட்டிருப்பார்களா என்பது எனக்கு ஐயமாகத்தான் இருக்கிறது.

என் ஆய்வேடு வேறு ஒரு குடற்கிருமியைப் பற்றியது. அறிமுகப் பகுதியில் ஒரு வரி சேர்த்து, 1959-ஆம் ஆண்டின் அந்த இரண்டு பக்கக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் எழுதினேன். மற்றவை யாவும் அண்மைக்காலக் கட்டுரைகள் என்பதால் அது பட்டியலில் தனித்துத் தெரிகிறது. மேற்பார்வையாளர் அந்த ஆண்டைப் பென்சிலால் வட்டமிட்டு அச்சுப்பிழையா என்று கேட்டார். இல்லை என்று கதையைச் சொன்னேன். வட்டத்தை அழித்துவிட்டார். கூகல் ஸ்காலரில் அக்கட்டுரையின் பெயருக்குக் கீழே உள்ள எண்ணை அன்றிரவு போய்ப் பார்த்தேன். என்னால் அது கூடப்போவதில்லை. இளங்கலை ஆய்வேடுகளை அந்தப் பெரிய அட்டவணைகள் கணக்கில் சேர்ப்பதில்லை.